ராமநாதபுரம் கடலோரத்தில் வேலிமசால், முயல்மசால்: எந்த மண்ணுக்கு எந்த உரம், எங்கே சுண்ணாம்பு

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு ஏக்கர் மணல் நிலத்தில் ஆட்டுக்காக வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச்செடி போட்டேன். முதல் வருஷம் நான் செய்த முதல் வேலை, நாலு மூட்டை சுண்ணாம்பு வாங்கி வந்து தூவியதுதான். பயறுவகைத் தீவனம் என்றால் சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கடையில் கேட்டேன், அவர்களும் தலையாட்டினார்கள். பக்கத்துக் கொல்லையில் பனையோலை பொறுக்கிக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, சிப்பிக்குள்ள குடியிருந்துக்கிட்டு சுண்ணாம்பைக் காசு குடுத்தா வாங்குவாக?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நாற்பது நாள் கழித்துப் பார்த்தால் கொழுந்து பூராவும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்தும் துத்தநாகமும் மண்ணிலேயே பூட்டிக்கொண்டதற்கான அடையாளம் அது. மண்ணில் ஏற்கெனவே கிடந்த சுண்ணாம்புக்கு மேல் நானும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். அப்பத்தா சொன்னதுதான் சரி.

இந்த வழிகாட்டியை எழுதக் காரணமும் அதுதான். இணையத்தில் கிடைக்கும் தீவனப்பயிர்க் குறிப்புகளில் பாதி மழை அதிகமுள்ள புளிப்பு மண்ணுக்கு எழுதியவை. அங்கே கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் வேர் முடிச்சுக்குத் தேவையான மாலிப்டினம் கிடைக்காது. முடிச்சுப் பாக்டீரியாவும் தாக்குப்பிடிக்காது. அதனால் நீலகிரிக்கும் கேரளச் செம்பாறை மண்ணுக்கும் சுண்ணாம்பு நியாயமான செலவு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் கரையில் பெரும்பாலான நிலம் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது.

முதலில் மண்ணைப் பாருங்கள்

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். செலவு ஒரு எலுமிச்சம்பழம்.

ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தட்டில் பரப்பி, பழத்தை அதன்மேல் பிழியுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சிப்பித்தூள் கலந்த மண்ணாக இருந்தால் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" சத்தம் கேட்கும், சின்னச் சின்ன நுரைக்குமிழ் வரும். வினிகர் விட்டும் பார்க்கலாம். பொங்கினால் அந்த மண்ணில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்புப் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். பொங்காவிட்டால் புளிப்பு மண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுநிலையான மண்ணும் பொங்காது.

இரண்டாவது, களர் சோதனை. சோடியம் மிகுந்து கெட்டுப்போன மண்தான் களர். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, பட்டாணி அளவுக் காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, ஆட்டாமல் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு மேகம் படர்ந்து, மறுநாளும் தெளியாமல் நின்றால் அது களர். சோடியம் களித்துகளைப் பிரித்துவிட்டது. கட்டி வெறுமனே உதிர்ந்து அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. போர்த் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே கலங்கலைத் தெளியவைத்துவிடும், சோதனை பொய்யாகிவிடும்.

மூன்றாவதுக்குக் கண் போதும். சித்திரை வெயிலில் நிலத்தின்மேல் வெள்ளைப் பொருக்கு பூத்திருந்தால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். மழை பெய்து நாலு நாள் ஆகியும் தண்ணீர் இறங்காமல், காய்ந்தபின் கருத்து வழுவழுப்பாகத் தெரிந்தால் களர். நம் பக்கம் இரண்டையும் சேர்த்து 'உப்பு நிலம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வைத்தியம் ரெண்டுக்கும் வேறு வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம் ஆய்வுக்கூடம். வரப்போரம், மரத்தடி, எருக்குழி ஓரம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் V வடிவக் குழி வெட்டி ஆறு அங்குல ஆழம் வரை மண்ணைச் சீவி எடுங்கள். கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக்கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்திக் கொடுங்கள். அறிக்கையில் பார்க்க வேண்டியவை கார அமில அளவு, உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்தும் திறன், மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), துத்தநாகம், இரும்பு. களர் என்று சந்தேகம் இருந்தால் 'ஜிப்சம் தேவை' கணக்கையும் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் செய்வார்கள். உப்புச் சிக்கலுக்கென்றே ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிக்கையோடு போய்ப் பேசினால் வேலை சுலபம்.

எந்த நிலத்தில் எந்தச் செடி

மண்ணுக்கு உரம் தேடுவதைவிட, மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேடுவது மலிவு.

வேலிமசால் நடுநிலையிலிருந்து கார மண் வரை நன்றாக வரும். கரிசல் களியிலும் வரும், சிப்பி மணலிலும் வரும். புளிப்பு மண்தான் அதற்கு ஆகாது. சுபாபுல் மரத்தழையில் இருக்கும் மைமோசின் என்ற நச்சு இதில் கிடையாது. சுபாபுல் தழை ஆட்டின் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; வேலிமசாலில் அந்தப் பயம் இல்லை.

முயல்மசாலும் பயறுவகைத் தீவனம்தான், மெலிந்த நிலத்துச் செடி. மணிச்சத்து குறைந்த செவல் மணலிலும், கொஞ்சம் புளிப்பான சரளையிலும் பிழைத்துக்கொள்ளும். மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சுண்ணாம்புச்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. தண்ணீர் தேங்கும் களியில் மட்டும் போடாதீர்கள். திருவாடானை, சிவகங்கை எல்லைப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு இது பொருத்தம்.

குதிரைமசாலை (லூசர்ன்) நம் கரைக்கு நான் சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர் தாராளமாக வேண்டும், உப்பைத் தாங்கும் சக்தியும் அதற்குக் கம்மி. வெள்ளைப் பொருக்கு பூக்கும் நிலத்தில் எந்த மசாலும் வேண்டாம். முதலில் தக்கைப்பூண்டு போட்டு மண்ணைத் தேற்றுங்கள், வரப்பில் அகத்தி வையுங்கள்.

உரக் கணக்கு

வேளாண் பல்கலைக்கழகம் வேலிமசாலுக்குச் சொல்வது ஹெக்டேருக்குத் தொழுவுரம் 10 டன், தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 60 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோ. முயல்மசாலுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து அதே வரிசையில் 20, 60, 15 கிலோ. நாம் ஏக்கரில் பேசுகிறவர்கள், மூட்டையாக வாங்குகிறவர்கள். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிமசால், ஒரு ஏக்கர்: தொழுவுரம் 4 டன், மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ (மூணு மூட்டை), சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 20 கிலோ, தழைச்சத்துக்கு யூரியா 9 கிலோ.

முயல்மசால், ஒரு ஏக்கர்: தொழுவுரமும் சூப்பரும் அதே அளவு, பொட்டாஷ் 10 கிலோ, யூரியா 17 கிலோ.

ஐந்து சென்ட் போடுகிறவர்கள் இதை இருபதால் வகுத்துக்கொள்ளலாம். வேலிமசாலுக்கு ஏழரைக் கிலோ சூப்பர், ஒரு கிலோ பொட்டாஷ், அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக யூரியா வரும்.

யூரியா ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்பார்கள். வேர் முடிச்சு வேலையைத் தொடங்கும் வரை முதல் மூணு நாலு வாரத்துக்கு நாம் ஊட்டும் பால் அது. அதற்குமேல் கொடுத்தால் செடி சோம்பேறியாகி முடிச்சே வைக்காது. பக்கத்து நெல் வயலுக்கு வாங்கியதில் மிச்சம் கிடக்கிறதே என்று தூவிவிடாதீர்கள்.

சூப்பருக்குப் பதில் டிஏபி போடலாமா? ஏக்கருக்கு ஒரு மூட்டையில் மணிச்சத்துக் கணக்கு முடிந்துவிடும், சுமை கூலியும் மிச்சம். ஆனால் சூப்பரில் மணிச்சத்தோடு 11 சதவீதம் கந்தகமும், கூடவே சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன. மூணு மூட்டையில் பதினாறு கிலோ கந்தகம் நிலத்துக்குப் போகிறது. டிஏபியில் இரண்டுமே கிடையாது. பயறுவகைத் தழையில் புரதம் சேரக் கந்தகம் அவசியம், மணல் நிலத்தில் அது நிற்காமல் மழையோடு கீழே போய்விடும். டிஏபிதான் கிடைத்தது என்றால் ஏக்கருக்கு 100 கிலோ ஜிப்சம் சேர்த்துப் போடுங்கள், ஈடுகட்டிவிடும். நான் சூப்பர் கட்சி.

இந்தக் கணக்கை மண்ணுக்கு மண் மாற்ற வேண்டும். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் சாம்பல்சத்து பெரும்பாலும் தேவையான அளவு இருக்கும். அறிக்கையில் 'அதிகம்' என்று வந்தால் முதல் வருஷம் பொட்டாஷை விட்டுவிடலாம். கடற்கரை மணலில் விடக் கூடாது. ஒரே தடவையாகவும் போடக் கூடாது. அடியுரமாகப் பாதி, முதல் அறுப்புக்குப் பின் பாதி. ஐப்பசியில் ஒரே இரவில் பத்து சென்டிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில், மணலில் போட்ட பொட்டாஷ் விடியும்போது வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். பொட்டாஷும் ஒரு உப்புதான் என்பதால் விதை விழும் சாலிலேயே போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

மணிச்சத்தை எருவில் ஊறப்போடுவது

சிப்பி மண்ணிலும் கரிசலிலும் சூப்பரை அப்படியே தூவினால் பெரும்பகுதி மண்ணிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிவிடும். காசு நிலத்தில்தான் இருக்கும், செடி எடுக்க முடியாது. இதற்குத்தான் ஊட்டமேற்றிய தொழுவுரம்.

பொடித்த தொழுவுரம் 300 கிலோவை நிழலில் கொட்டுங்கள். மூணு மூட்டை சூப்பரை அடுக்கடுக்காகக் கலந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை நிற்கும் ஈரத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். குவித்து, மேலே சேறு பூசி மூடி, ஒரு மாதம் விட்டுவிடுங்கள். புரட்டாசி நடுவில் மூடினால் ஐப்பசி விதைப்புக்குச் சரியாக இருக்கும். பிரித்ததும் வாடை மாறியிருக்கும். சூப்பரின் காரநெடி போய் ஈரமண் வாசம் வரும். அதை நிலம் முழுக்க வீசாமல், விதைக்கும் சாலில் மட்டும் போடுங்கள். சத்து வேர் இருக்கும் இடத்தில் கொத்தாகக் கிடக்கும், மண்ணோடு சேர்ந்து கட்டிப்போவதும் குறையும்.

தொழுவுரம் 4 டன்னுக்கு எங்கே போவது என்றால், நம் ஊரில் கிடை இருக்கிறது. ஆட்டுமந்தை ஓட்டும் கீதாரியிடம் பேசி நாலு ராத்திரி மந்தையை நிலத்தில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்தில் இறங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. சீமைக்கருவேல் காய் தின்ற ஆடு விதையையும் சேர்த்தே விட்டுப் போகும். முதல் மழைக்கு நிலம் முழுக்கக் குட்டிக் குட்டியாகக் கருவேல் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இலை, நடுவில் இறகு மாதிரி ஒரு கொழுந்து, இழுத்தால் ஒரு சாண் வேர். அந்த முளைப்பு வரட்டும் என்று காத்திருந்து, அழித்து உழுதபிறகு மசால் விதையுங்கள்.

மணலுக்குக் கண்மாய் வண்டல் அருமையான மருந்து. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி அடிக்கலாம். சத்தைப் பிடித்துவைக்கும் களி மணலில் இல்லை, வண்டல் அதைக் கொடுக்கிறது. கரையில் ஒதுங்கும் பாசியையும் அள்ளலாம். குவித்துவைத்து ஒரு மழைக்காலம் நனையவிட்டு, உப்புப் போனபின் போடுங்கள். கரிமூட்டச் சாம்பல் சும்மா கிடைக்கிறதே என்று கொட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: சாம்பல் சுண்ணாம்புக்குத் தம்பி. சாம்பல்சத்து உண்டுதான், ஆனால் கார அளவையும் ஏற்றிவிடும். 8-க்கு மேல் நிற்கும் மண்ணில் வேண்டாம்.

சுண்ணாம்பா, ஜிப்சமா

சுண்ணாம்பு போட ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஆய்வறிக்கையில் கார அமில அளவு 5.5-க்குக் கீழே இருக்க வேண்டும். செம்மண் சரளை மேட்டில் அப்படி வந்தால், அங்கே முயல்மசால் போடுவதாக இருந்தால் 5 வரைக்கும் சுண்ணாம்பு இல்லாமலே சமாளிக்கும். வேலிமசால்தான் வேண்டும் என்றால் அறிக்கையில் சொன்ன அளவைப் போட்டு உழுது, இரண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு விதையுங்கள். யூரியாவோடோ டிஏபியோடோ சுண்ணாம்பைக் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும். மூக்கில் ஏறும் நெடியே சொல்லிவிடும்.

ஜிப்சம் களருக்கு. கார அளவு 8.5-ஐத் தாண்டி, டம்ளரில் பால் மேகமும் நின்றால் அதுதான் இடம். ஜிப்சத்தின் கால்சியம் களியைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு வெளியே போக வேண்டும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிலத்தைச் சமப்படுத்தி, வரப்புக் கட்டி, தாழ்ந்த பக்கம் வடிகால் வெட்டுங்கள். அறிக்கையில் சொன்ன ஜிப்சம் தேவையில் பாதியைத் தூவி மேலாக உழுது, நல்ல தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் நிறுத்தி வடியுங்கள். மூணு நாலு முறை இப்படி. ஐப்பசி மழையையே இதற்குப் பயன்படுத்தலாம். பின்பு தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால், மசாலுக்கு நிலம் தயார். வடிகால் வெட்ட வழியில்லாத பள்ளத்தில் ஜிப்சம் வாங்குவதும் கடலில் கொட்டுவதும் ஒன்று.

வெறும் உவர் மணலுக்கு ஜிப்சம் வைத்தியம் செய்யாது. அங்கே உப்பு கரைந்து கீழே போனால் போதும். அதற்கு மழைத்தண்ணீரும் மூடாக்கும் வேண்டும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கம் கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் கோடையில் உப்பு திரும்ப மேலே ஏறும். ஆகவே பாத்திக்குப் பதில் ஒரு முழ உயர மேட்டுப்பார் கட்டி, பாரின் பக்கவாட்டுச் சரிவில் விதையுங்கள். உச்சியில்தான் உப்பு கூடும்.

விதை

மசால் விதைக்குத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம் போட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? தளதளவென்று கொதித்த தண்ணீர் மூணு செம்பு, பானைத் தண்ணீர் ஒரு செம்பு. ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். விதையைப் போட்டு, நாலு நிமிஷத்தில் வடித்து, ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற வேர் முடிச்சுப் பாக்டீரியா உரத்தைக் கலந்து பிசறி, நிழலில் அரைமணி உலர்த்தி, உடனே விதையுங்கள். வேலிமசாலுக்கு ஏக்கருக்கு 8 கிலோ, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் வரிசை. முயல்மசாலுக்கு இரண்டரைக் கிலோ போதும், ஒரு அடி வரிசை.

செடி சொல்வதைக் கேட்பது

ஆறாவது வாரம் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சு இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே பழுத்த கொய்யாச் சிவப்பு தெரிந்தால் முடிச்சு வேலை செய்கிறது; யூரியா பக்கமே போக வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு தூங்குகிறது. காரணம் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவு, இல்லையென்றால் வெயிலில் காய்ந்துபோன ரைசோபியம்.

அடியிலை வெளுத்தால் தழைச்சத்து இல்லை. கொழுந்து உட்பட ஒரே சீராக வெளிர்ந்தால் கந்தகம். என் நிலத்தில் வந்தது போல் கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் நின்றால் இரும்பு: லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அதோடு ஒரு எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் தெளிப்பு, பத்து நாளில் இன்னொரு தடவை. என் செடி இரண்டாம் தெளிப்பில் பச்சைக்குத் திரும்பியது. துத்தநாகம் குறைவு என்று அறிக்கை சொன்னால், ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள், சூப்பரோடு கலக்காமல். செடி குட்டையாகக் கரும்பச்சையில் நின்றுவிட்டால் மணிச்சத்து. இலை நுனி கருகினால் உரத்தைத் தேடாமல், போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள்.

அறுப்பும் அடுத்த வருஷமும்

வேலிமசாலை 90-ம் நாள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு அறுங்கள். பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. முயல்மசால் முதல் அறுப்புக்கு 75 நாள், பூக்கும்போது. முதல் வருஷம் முயல்மசால் ஏமாற்றும், மூணாம் வருஷம்தான் முழு விளைச்சல்.

காய்ந்த எடையில் ஒரு டன் தழை போனால், அதோடு பதினைந்து இருபது கிலோ சாம்பல்சத்தும் நிலத்தைவிட்டுப் போகிறது. ஆடு அந்த நிலத்திலேயே மேய்ந்தால் பாதியாவது திரும்பும். அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் திரும்பாது, நாம்தான் எருவாகச் சுமந்து வந்து போட வேண்டும். ஆகவே இரண்டாம் வருஷம் முதல், புரட்டாசிக் கடைசியில் வரிசைக்கு நடுவே கீறி, முதல் வருஷ சூப்பரில் பாதியும் பொட்டாஷில் பாதியும் கொட்டகை எருவோடு சேர்த்துப் போடுகிறேன், மீதிப் பொட்டாஷ் ஒரு அறுப்புக்குப் பின். யூரியா கிடையாது.

ஒரே ஒரு பாத்தியை மட்டும் சூப்பர் போடாமல் விட்டுவைத்திருக்கிறேன். போன மாசி மாதம் படல் திறந்து கிடந்தபோது ஆடுகள் உள்ளே புகுந்துவிட்டன. நான் போய்ச் சேர்வதற்குள் மற்றப் பாத்தியெல்லாம் மொட்டை. அந்த ஒன்றில் மட்டும் ஒரு கிழட்டு ஆடு நின்று யோசித்துக்கொண்டிருந்தது.